கம்பம்மெட்டில் ஏழு நாள்

ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்பிலிருந்து
எங்களில் நாலு பேரை இறக்கிக்கொண்டார்கள்.
கூலி அறுநூறு, மதியச் சோறு.
வேலை: பிடிபடுவது.

வெளிநாட்டுப் பட்டாளத்து ஆள்,
மெட்டுக் குளிரிலும் மூக்கு மட்டும் மிளகாய்ப்பழம்.
அவன் நீளமாக என்னவோ சொல்வான்.
சாஜன் சார் வழியாக எனக்கு வந்துசேர்வது:
"ஒளிச்சு வை, ஒச்சம்மா."

வைத்தேன்.
தூக்குவாளி அடியில், ஸ்டெப்னிக்குள்,
கொண்டைக்குள்.
கஞ்சா என்று பேர்; பொட்டலத்தில் காய்ந்த புல்.
மூன்றாம் நாள் அந்தப் பெண் போலீஸ் தடுமாறினாள்.
"கொண்டையப் பாரும்மா" என்றேன் நானே.
பட்டாளத்தான் கைதட்டினான்,
எனக்கா அவளுக்கா தெரியவில்லை.

ஏழாம் நாள் சான்றிதழ், குரூப் போட்டோ.
அதில் நான் இல்லை.
என் தூக்குவாளி இருக்கிறது, மேசைமேல்.

நேற்று விடியுமுன், மூடுபனியில்,
பத்தொன்பது பேர் நெருக்கிய ஜீப்பை நிறுத்தினார்கள்.
அதே பெண் போலீஸ்.
என்னை அறியாத முகம்.
கை மட்டும் நேரே கொண்டைக்கு வந்தது.
நன்றாகப் படித்திருக்கிறாள்.

அவள் சொல்லுமுன்பே
கைகளைத் தூக்கி, கால் அகட்டி
நின்றிருந்தேன் நான்.
"பழகுனவ போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இதற்கு அறுநூறு கிடையாது.
தோட்டத்தில்
அரை நாள் பிடித்தம்.