காரில் காத்திருக்கிறான்

நவம்பரில் கோட்காவுக்கு
நாலு மணிக்கே இரவு வந்துவிடும்.
வகுப்பு ஆறுக்கு.
பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அறை.
மேசைக்கடியில் என் முழங்கால் நுழைவதில்லை.
நாற்காலி முதுகில் யாரோ பென்சிலால்
ஓனா என்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

எழுத்து எனக்குப் புதிதில்லை.
பதினெட்டு வருடம், நகராட்சி, குடிநீர்ப் பிரிவு.
மேற்படி பொருள் தொடர்பாகத்
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.
கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.
யாரும் வருந்தியதில்லை.
"அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே
புனைகதை எழுதுகிறீர்கள்" என்றாள் ஐலா
முதல் நாளே.

ஈரக் காலுறைகளை ரேடியேட்டர்மேல் காயப்போட்டுவிட்டு
வெறுங்காலோடு பாடம் நடத்துவாள்.
முதல் மாதம் எங்கள் பெயரடைகளைப் பறித்துக்கொண்டாள்.
இரண்டாம் மாதம் "திடீரென்று" போயிற்று.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஓலாவி கேட்டார்:
"வினைச்சொற்களுக்கு எப்போது வருவீர்கள்?
முன்கூட்டிச் சொன்னால் ஒளித்துவைத்துக்கொள்வேன்."
அவர் கதைகளில் யாரும் பேசுவதில்லை, மழை மட்டும்.
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மர்யுக்காவின்
கொலைகாரர்கள் எல்லாரும்
பல் துலக்கிவிட்டுத்தான் படுப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐலா சொன்னாள்:
"உங்களிடம் இருக்கும் ஒன்றை
இல்லாமல் ஆக்கி எழுதுங்கள்.
இருபது நிமிடம்."

என்னிடம் என்ன இருக்கிறது?
வீடு வாடகை. நாய் போன வருடமே போய்விட்டது.
மோதிரத்தை நானே கழற்றினேன்.
மிச்சம் ஒரே ஒரு தம்பி, கௌகோ.

கொன்றேன்.
உறைந்த ஏரி. மார்ச் மாதம். மீன்பிடிக்கத் துளைத்த குழி.
கரையிலிருந்து பார்த்தால்
பனிமேல் முக்காலி மட்டும் நின்றது.
தெர்மோசில் காப்பி இன்னும் சூடாக.

வாசித்தபோது "சூடாக" என்ற இடத்தில்
குரல் தடுக்கியது.
நான் தடுக்கவைக்கவில்லை. அதுவாக.

ஓலாவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மர்யுக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்,
நாடி பார்ப்பவளைப் போல.
"எப்போது நடந்தது?" ஐலா, மெல்ல.
இல்லை, சும்மா எழுதினேன் என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
வாய் சொன்னது:
"மூன்று வருடமாகிறது."

எட்டு மணி. கதவு.
பனிச்சேறு ஒட்டிய பூட்சோடு
இறந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.
"நான் கௌகோ. அக்காவை ஏற்றிப்போக வந்தேன்.
காரில்தான் காத்திருந்தேன், குளிர் தாங்கவில்லை."

கடிகாரம்கூட எழுத்தை நிறுத்திய மாதிரி இருந்தது.
பிறகு ஓலாவி எழுந்து,
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு,
கை நீட்டினார்:
"உங்களைச் சந்திப்போம் என்று
நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை."

ஐலா கோபித்துக்கொள்ளவில்லை.
காலுறை மாட்டியபடியே, என் காதருகில்:
"முக்காலி இருக்கட்டும்.
தெர்மோசை எடுத்துவிடுங்கள். அது கெஞ்சுகிறது."

காரில் ஹீட்டர் இரைந்தது.
கியர்மேல் அவன் கை. கட்டைவிரல் நகம் பிளந்த கை.
"எதைப் பற்றி எழுதினாய்?"
"மீன்பிடிப்பது பற்றி."
"உனக்கு அதில் என்ன தெரியும்!"
பாலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்:
நாணல் ஓரம் பனி முதலில் உளுத்துப்போகும்,
மேலே பார்த்தால் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.
"முக்காலியா? அதை யார் சுமப்பது?
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வேண்டியதுதான்.
திரும்பும்போது மீனுக்கும் அதே வாளி."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
தெர்மோசை அடித்தேன்.
முக்காலியை அடித்தேன்.
கவிழ்த்த வாளி என்று எழுதினேன்.
தம்பி இரண்டாம் முறை இறந்தான்,
இந்த முறை பிழையில்லாமல்.

உடனே ஃபோனை எடுத்தேன்.
"போய்ச் சேர்ந்துவிட்டாயா?"
"இன்னும் உன் தெருவே முடியவில்லை," என்றான்.
"என்ன ஆயிற்று உனக்கு?"