வெட்டாத பக்கங்கள்

மருதானையில் பழைய புத்தகம் விற்கும்
பியதிலக்கவுக்குத் தமிழ் தெரியாது.
பூச்சி தின்ற ஓட்டைகளை எண்ணித்தான் விலை சொன்னார்:
ஆயிரத்து இருநூறு.
மழை வரப்பார்த்ததால் எண்ணூறுக்குத் தந்தார்.

இலங்காத்துவீப யாத்திரை விளக்கம்.
பவ வருஷம், புதுச்சேரியில் அச்சிட்டது.
எழுதியவர் ஞா. சவரிராயப்பிள்ளை.
கப்பலே ஏறாதவர்.

அது எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
காப்புறுதிக் கொம்பனியில் இருபத்தொரு வருடமாய்ப்
பொய் பிடிப்பதுதான் வேலை.
பார்க்காத விபத்தைச் சொல்கிறவன்
வானத்தின் நிறத்தில் தொடங்குவான்.
சவரிராயரும் அப்படியே:
"ஆகாயம் மாதுளம்பூவை ஒத்திருந்தது."
பிறகு புறக்கோட்டையில் பனிக்கட்டி பெய்கிறது.
பேரை வாவியில் திமிங்கிலம் குட்டி போடுகிறது.
களனி ஆறு வெள்ளிக்கிழமைகளில் ஓடுவதில்லை.
கொம்பனித்தெருப் பெண்கள்
கறுவாப்பட்டையில் செருப்புத் தைத்துப் போடுகிறார்கள்
(இது மட்டும் பொய்யாக இருக்கவேண்டாம் என்று பட்டது).

எனக்கு முன்னமே ஒருவர் பிடித்திருக்கிறார்.
உள்ளட்டையில் ஊதா முத்திரை:
வே. அருமைநாயகம், துறைமுகக் கணக்காளர், தெமட்டகொடை.
ஓரமெல்லாம் பென்சில். சின்ன, நேரான எழுத்து.
பொய்.
பொய்.
சுத்தப் பொய்.
இவன் அப்பனும் கப்பல் ஏறியிருக்கமாட்டான்.
திமிங்கிலத்துக்குப் பக்கத்தில்: தீர்வை எவ்வளவு கட்டியது?

அறுபத்து நான்காம் பக்கத்தில்
கடலை மண் போட்டுத் தூர்த்து
அதன்மேல் கண்ணாடி மாளிகை எழுப்புகிறார்கள்.
அருமைநாயகம் எழுதுகிறார்: ஹா ஹா.
காலிமுகத்திடலில் இறால் வடை தின்றபடி
இதை வாசித்தேன்.
நிமிர்ந்தால், கடலுக்குள் மண்,
மண்மேல் பாரந்தூக்கிகள்.
எண்ணெய்க் கையோடு பக்கத்தைத் திருப்பினேன்.

எழுபத்தொன்று.
"இந்நகரத்தார் சிற்சில நாளில் வழிப்போக்கனை மறித்து,
நீர் முகக்கும் பாத்திரமொன்றைக் காட்டி,
இதன் பெயர் சொல் என்பர்.
நாவு பிசகினவன் வீடு திரும்பான்."

இந்த ஓரத்திலும் பொய் என்றுதான் இருந்திருக்கிறது.
அழித்திருக்கிறார்.
றப்பர் தேய்த்துத் தாள் மெலிந்த இடத்தை
இரவு விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒரு கொம்பும், ஒரு புள்ளியும் மிச்சம்.
அதன்கீழே நீல மையில்,
அதே ஆள்தானா என்று கேட்கவைக்கும் எழுத்தில்:

25.7.83. பேஸ்லைன் வீதி.
வாளி.
தம்பிக்கு அது வாயில் வரவில்லை.

திரும்ப முதலிலிருந்து பார்த்தேன்.
வேறெங்கும் அழிக்கவில்லை.
திமிங்கிலம் பொய்யாகவே இருக்கிறது.
பனிக்கட்டி பொய்யாகவே இருக்கிறது.
சவரிராயர் அந்த நாலு வரியை எழுதியபோது
புதுச்சேரியில் என்ன நேரம், என்ன சாப்பிட்டிருப்பார்,
எழுதிவிட்டுச் சிரித்தாரா,
மையைத் தொட்டபடி கொஞ்சம் யோசித்தாரா,
ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.
என் தொழிலில் இதற்குப் படிவம் இல்லை.

கடைசிப் பதினாறு பக்கங்கள் மடிப்போடு இருக்கின்றன.
அச்சகத்திலிருந்து வந்தபடியே.
சவரிராயரின் சிநேகிதர் எவரும் வெட்டவில்லை.
அருமைநாயகமும் வெட்டவில்லை.
அட்டவணை சொல்கிறது:
பன்னிரண்டாம் அத்தியாயம்,
கொழும்பினின்றும் திரும்பி வந்த விதம்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
மாம்பழம் வெட்டிய கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டேன்.
மடிப்பை விரலால் பிதுக்கிப் பார்த்தால்
உள்ளே ஒரு சொல் தெரிகிறது: "ஆயினும்".
பாணந்துறைப் பக்கம் போகும் ரயில்
ஜன்னலை உலுக்கிவிட்டுப் போகிறது.

கத்தியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.
காலையில் வேலை இருக்கிறது.
கிராண்ட்பாஸில் எரிந்த கடை ஒன்றின் கோவை.
கடைக்காரர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார்.
வானம் என்ன நிறம் என்று
எங்கும் சொல்லவில்லை.