எடைமேடை

அச்சகக்காரர் புதன்கிழமைக்குள் கேட்கிறார்.
நாலு பக்க நோட்டீஸ், பாதி தமிழ், பாதி மலையாளம்.
நடிப்பவர்கள், பின்னால் நிற்பவர்கள், ஆளுக்கு மூன்று வரி.
எழுத வேண்டியவன் நான்.
நாடகத்தையும் நான்தான் எழுதினேன்,
அது இதைவிடச் சுலபமாக வந்தது.

வேலந்தாவளத்தில் வரிச்சாவடி போன பிறகு
லாரிகளுக்கு நிற்பது மறந்துவிட்டது.
தேங்காயும் தவிடும் கோழியும்
யாருக்கும் வணக்கம் வைக்காமல் கடக்கின்றன.
பூட்டிக் கிடந்த எடைமேடையை
மாதம் எண்ணூறுக்குப் பிடித்தோம்.
நாற்பது நாற்காலி மண்டபத்துக்காரர் தயவு,
முகூர்த்த நாளில் நாடகம் கிடையாது.

இயக்கம், லூர்து அருள்செல்வி.
கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள்.
'டியூஷனைப் போடாதே, சிரிப்பாங்க' என்றாள்.
வாசல்வரை போய்த் திரும்பி,
'போடு. எண்ணூறு அதிலிருந்துதான் வருது.'

அதிகாரி வேடம் ஆறுச்சாமிக்கு.
இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி
இதே ஜன்னலுக்கு வெளியே நின்றவர்.
பேனா மூடியைக் கழற்றாமல்
ஒரு மனிதனை எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம் என்று
அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கதை இவ்வளவுதான்:
ஒருத்தி தம்பியின் உடலை லாரியில் கொண்டுவருகிறாள்.
அதிகாரி பில் கேட்கிறார்.
பிறகு எடை கேட்கிறார்.
உயிரோடு இருந்தபோது என்ன எடை, இப்போது என்ன எடை,
வித்தியாசத்துக்கு எழுத்தில் விளக்கம்.

பிணம், ஷாகுல். சித்தூரில் செல்போன் கடை.
வசனம் இல்லை என்றதால் ஒத்துக்கொண்டான்.
மூன்றாவது ஒத்திகையில் தவிட்டுத் தூசிக்கு இருமிவிட்டான்.
ஆறுச்சாமி தலை நிமிராமல்
'இருமலுக்குத் தனி ரசீது' என்றார்.
அருள்செல்வி அதை வெட்டவில்லை.
இப்போது ஷாகுலுக்கு இருமல் வரமாட்டேன் என்கிறது,
தினமும் பயிற்சி செய்கிறான்.

வெளிச்சம், மணியன். தோப்பு தோப்பாக மோட்டார் கட்டுபவர்.
விளக்குக்கு ஒரு பிளக் தேடப் போய்
பழைய ஒயரில் கை வைத்தார்.
சுவரில் சிவப்பு எண்கள் எரிந்தன.
மேடை இன்னும் நிறுத்துக்கொண்டிருந்தது.
ஆறுச்சாமி ஏறினார்: எண்பது.
ஷாகுலைத் தூக்கி வைத்தோம்: நூற்று ஐம்பது.
எல்லோரும் குழந்தைகளைப் போல ஏறி ஏறி இறங்கினோம்.
கடைசியில் ஒருவரும் இல்லாத மேடைக்கு
இருபது காட்டியது.
தட்டினார், கழுவினார், அடியில் புகுந்து பார்த்தார்,
இருபது.
'மூடிடலாமா?' என்றார்.
'தெரியட்டும்' என்றாள் அருள்செல்வி.

அக்காவாக நடிப்பவளைப் பற்றி எழுத வேண்டும்.
அவள் வீட்டுக்கு அவள் தையல் வகுப்பில் இருக்கிறாள்.
பையில் ஒரு பாதி ஜாக்கெட்,
இரண்டு மாதமாக அதே கை தைக்கப்படாமல்.
அழும் இடத்தில் அவள் அழுவதில்லை,
தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறாள்.
அதை நான் எழுதவில்லை.
'பேர் வேண்டாம், சேட்டா,' என்றாள்.
'வேற பேர் வைக்கட்டுமா?'
'வேற பேர்ல வந்தா அது வேற ஆளாயிடுமே.'

நேற்று அவள் தனியாக மேடையில் நின்று
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எழுபது காட்டியது.
இருபதைக் கழித்துச் சொன்னாள்,
'ஐம்பது. இது நான் மட்டும்.'

மூன்று வரி இடம் விட்டு அனுப்பினேன்.
இரவு அச்சகக்காரர் கூப்பிட்டார்.
'நடுவுல காலியா இருக்கே,
மாட்டுத்தீவனக் கடை விளம்பரம் ஒண்ணு கைவசம் இருக்கு.'
அப்படியே விடுங்கள் என்றேன்.
'காலி இடத்துக்கும் அதே கூலிதான், பாத்துக்குங்க.'
தெரியும் என்றேன்.