நேர நீட்டிப்பு

திங்கள் முதல் நள்ளிரவு வரை
நூலகம் திறந்திருக்கும்.
சுற்றறிக்கையை நான்தான் ஒட்டினேன்.
சேப்பாக்கத்துக் கடல்காற்று இருமுறை பிய்த்துப்போட
மூன்றாம் முறை நான்கு மூலைக்கும் செலோடேப்.

புது விளக்கு, புது ஏசி,
தானே புத்தகம் வாங்கிக்கொள்ளும் இயந்திரம்
(பழைய வேதியியல் நூலை மட்டும் துப்பிவிடுகிறது.
பார்கோடு உரிந்துவிட்டதாம்).

எட்டே முக்காலுக்கு
ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.
பிறகு வரிசையே எழுகிறது.
விடுதி கேட் ஒன்பதுக்குப் பூட்டு.
துப்பட்டா, தண்ணீர் பாட்டில், சார்ஜர்
அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்.
ஃபஹ்மிதா மட்டும் நின்று
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறாள்
பக்கம் 214.

பன்னிரண்டு வரை
சும்மா குளிர்ந்துகொண்டிருக்கிறது இடப்பக்க வரிசை.
மாசிலாமணி அண்ணன் ஒரு சுற்று வந்து
விரித்தபடி கிடந்த நோட்டை
மூடாமலே விட்டுப்போகிறார்.

வருகைப் பதிவேட்டில்
எண்ணிக்கை மட்டும் போதும் என்பது விதி.
நேற்று எழுதினேன்:
ஆண்கள், முப்பத்தாறு.
பெண்கள், ஒன்பது மணி வரை.

காலையில் துணைநூலகர் கூப்பிட்டார்.
"இதென்ன, எண்ணா?"
"ஆமாம் சார்."
சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
எதையும் அடிக்கவில்லை,
மூடவும் இல்லை.