எடைமேடை, இரவு ஷிப்ட்

இருபத்து நான்கு டன் என்று எழுதி
செம்பனை லோரியை உள்ளே விட்டேன்.
அடுத்தது வரும்வரை ஓர் இலை.

பதினோரு சங்கிலி. திரும்பினால் நடுநரம்பு.
நுனியில் மட்டும் ஒரே துளையில் மூன்று கண்ணி,
அப்போதுதான் வளையும்.

ஈப்போ கல்யாணத்துக்கு இருநூறு,
ஒன்று நாற்பது சென்.
மேப்பிள் சிவப்பு வேண்டுமாம்.
மேப்பிளை யார் கண்டது?
பிப்ரவரியில் கித்தா சிவக்கும்;
அந்த நிறத்தில் பீடோரில் நூல் வாங்கினேன்.

ரோஸ்லான் கண்ணாடியைத் தட்டினான்.
"என்ன இலை, காக்?"
கை நீட்டினான்.
எண்ணி வைத்தது, தர முடியாது.
கோணிப்போன ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்,
சாவியில் முடிந்துகொண்டான்.

குலை கொட்டிவிட்டு மேடை ஏறியது லோரி.
பத்து டன் இருநூறு.
போன வாரமும் அதேதான்.

கையெழுத்துப் போட்டேன்.
பதினோரு சங்கிலி.