கார்த்திகை பதினொன்று

தேன்கனிக்கோட்டை வனச்சரக அலுவலகத்தில்
என் மேசைக்கு மூன்று கால் சரி.
நாலாவதற்கு முட்டுக்கொடுப்பது
பழைய கணக்கெடுப்புப் படிவக் கட்டு.
அந்த மேசையில் உட்கார்ந்துதான்
வரப்போகும் பனிக்காலத்தை எழுதினேன்.

எங்கோ பசிபிக்கில்
கடல் அரை டிகிரி குளிர்ந்துவிட்டதாம்.
அதனால் இங்கே ஐப்பசி கையை விரிக்கும்.
மேகம் இல்லாத இரவு
நிலத்தின் சூட்டைப் பிடித்துவைக்காது,
தளிப் பக்கம் எட்டு டிகிரிக்கு இறங்கும்.
ஈரம் பத்தாத ராகி
பத்து நாள் முந்திக்கொண்டு முற்றும்.
ராகி முற்றினால்
பன்னேர்கட்டாவிலிருந்து அவை கிளம்பும்.

இது கம்ப்யூட்டர் சொன்ன பாதி.
மீதியை வாட்சர் சித்தமல்லப்பா சொன்னார்.
ஜவளகிரிக் காட்டில் லத்தியைப் பிட்டு,
மோந்து,
கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு:
"இப்பவே மரப்பட்டைதான் சார். புல்லே இல்ல."

இரண்டையும் கூட்டி
என் பயத்தையும் கொஞ்சம் சேர்த்துத்
தேதி போட்டேன்.
கார்த்திகை பதினொன்று. நொகனூர்.
முப்பதுக்குக் குறையாது.
ஆயிரத்து நானூறு போன்கள்
ஒரே நேரத்தில் அதிர்ந்திருக்கும்.

நொகனூர் நம்பியது.
அதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.
எத்தனையோ வருஷமாக
என் குறுஞ்செய்தியைக் கடன் கம்பெனி விளம்பரத்தோடு
சேர்த்து அழித்தவர்கள்
இந்த முறை ஒன்பதாம் தேதிக்குள் அறுத்துவிட்டார்கள்.
பச்சை மாறாத கதிர், இரட்டைக் கூலி.
எல்லை தாண்டி வந்த அறுவடை இயந்திரத்தின்
ஹெட்லைட் வெளிச்சத்தில்
பனி பூச்சியாய்ப் பறந்தது.

பதினொன்றாம் இரவு வந்தன.
சொன்ன தேதி, சொன்ன வழி.
முப்பத்து நாலு என்றார் சித்தமல்லப்பா.
ரேஞ்சர் என் முதுகில் தட்டினார்.

கோபுரத்திலிருந்து பார்த்தேன்.
தாள் மட்டும் நின்ற வயல்.
பனி அவற்றின் வயிறுவரை.
முதுகுகள் மட்டும்
பாறைகள் இடம் மாறுவதுபோல.
மூத்த பெண்யானை ஒரு வரப்பை
நெடுக முகர்ந்துகொண்டு போனது,
கதவு எண்ணை மாற்றிவிட்ட தெருவில்
சொந்தக்காரர் வீட்டைத் தேடுகிறவள்போல.
குட்டி ஒன்று தாளைப் பிடுங்கி
உதறி
எறிந்தது.

பிறகு கிழக்கே திரும்பின.
கிழக்கே அவை போவதில்லை.
பதினேழு வருஷப் பதிவேட்டில் ஒரு தடம்கூட இல்லை.

கிழக்கே சீகலப்பள்ளி.
என் பட்டியலில் இல்லாத ஊர்.
அங்கே ராகி நின்றது.
யாரும் ஒன்றும் சொல்லாததால்
நன்றாக, நிதானமாக
முற்றி நின்றது.

விடிந்ததும் போனேன்.
அவரைப் பூ வாசம் பனியோடு கலந்து
வேறொரு நாளாக இருந்தால்
நின்று மூச்சை இழுத்திருப்பேன்.
கெம்பம்மா முக்கால் ஏக்கரில்
மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கித்
தார்ப்பாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.
நிமிராமல் கேட்டாள்:
"நொகனூருக்குத் தேதியே சொன்னீங்களாமே?"

உங்கள் ஊருக்கு வராது என்றுதான் கணக்கு
என்றேன்.

"வந்துச்சே."

இழப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன்.
சேதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
யானை என்று எழுதினேன்.
கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.
பேனாவை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
மை ஊறிப் புள்ளியானது.

குளிர் அன்று ஏழு டிகிரி.
அதிலும் ஒன்று தவறியிருக்கிறேன்.

கிளம்பும்போது
முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு
பட்டன் போனை நீட்டினாள்.
"உங்க நம்பரப் போட்டுக் குடுங்க.
எனக்கு எழுத வராது."

என்ன பேரில் போட என்றேன்.

கெம்பம்மா அடுத்த கதிருக்குக் குனிந்தபடி சொன்னாள்:
"ஆனைன்னே போடுங்க."