கெனோதாஃபியும்

பத்து மணித் தேத்தண்ணி. அம்பகாமக் காட்டோரம், பாலை நிழல்.
கெர்கோ கைபேசியில் ஒரு படம் காட்டினான்:
அங்கேரியில், அவன் ஊர்த் தேவாலயத்துப் பின்வளவில் ஒரு கல்.
அவன் அப்பாவின் அப்பா.
தொன் ஆற்றுப் பனிக்குள் நடந்து போனவர்.
கல்லுக்குக் கீழே?
"ஒண்டும் இல்லை" என்றான், எங்கட தமிழில்.
இரண்டு வருசத்தில் அவன் பிழையில்லாமல் பழகின சொல் அதுதான்.
கண்ணிவெடி வேலையில்
நாளைக்கு நாற்பது தரம் சொல்லுவம், சந்தோசமாக.

பிறகு தன் பாசையில் அதன் பேரைச் சொன்னான்.
கெனோதாஃபியும்.

"உம்" என்று முடிந்தபடியால்
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.
அதுவும் இதுவும் என்றுதானே வரவேணும்.
வரவில்லை.
அதுவும் எங்கட சொல் இல்லை என்றான்.
லத்தீனிடம் வாங்கினது, லத்தீன் கிரேக்கத்திடம் வாங்கினது.
வெறும் குழிக்குப் பேர் கேட்டு
சனத்துக்குச் சனம் கைமாற்றுக்கு அலைந்திருக்கிறது.

பதினொன்றுக்கு மறுபடி முழங்கால்.
முப்பது பாகை சரித்து ஒரு குத்து,
இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று.
கருவி கத்தினால் தகரம், முள்ளுக்கம்பி,
ஒருக்கால் ஒரு செருப்பு வாரின் கொளுக்கி.
அதை உற்றுப் பார்க்கப்படாது என்று சட்டம் ஏதும் இல்லை.
வெள்ளைத்தடி நட்டு ஒப்பம் வைப்பேன்: செ. இன்பமதி.
நான் ஒண்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்த நிலமெல்லாம்
இப்ப உழுந்தும் கச்சானும்.

நாள்தாளின் பின்பக்கத்தில்
அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன்.
நடுவில் ஃ போடாமல் சரிவரவில்லை.
அடுப்புக் கல் மாதிரி மூன்று புள்ளி.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது,
தனிநிலை:
மூன்றாம் வகுப்பில், விசுவமடுவில்,
செல்வநேசன் எனக்குப் பின் வாங்கில் இருந்து கத்தினான்.
அவன் குரல் அப்ப கீச்சுக்குரல்.

வெள்ளிக்கிழமை பிரதேச செயலகம்.
காணப்படாமைச் சான்றிதழுக்கான படிவம், மூன்று பிரதி.
காணாமற்போனவரின் பெயர் என்ற கோட்டில்
எழுதிக் கொடுத்தேன்.
எழுதுவினைஞர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"செல்வநேசனும் எண்டு போட்டிருக்கிறீங்கள், தங்கச்சி.
மற்ற ஆள் ஆர்?"

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது.

வெட்டச் சொன்னார்.
மூன்று பிரதியிலும் "உம்"மை மட்டும் வெட்டினேன்.
வெட்டினதுக்குப் பக்கத்தில்
ஒரு சின்ன ஒப்பம் வேணுமாம்.
வைத்தேன்.
செ. இ.